நடக்காத மோதல்களின் கணக்கு

2024 செப்டம்பரில், ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தின் சி.எம்.எஸ். குழு டபிள்யூ போஸான் என்ற துகளின் நிறையை அறிவித்தது: 80,360.2 மெகா எலெக்ட்ரான் வோல்ட், பிழை வரம்பு 9.9. இரண்டாண்டுக்கு முன் அமெரிக்காவின் ஃபெர்மிலேபில் சி.டி.எஃப். குழு கோட்பாட்டுக் கணிப்போடு பொருந்தாத 80,433.5 என்ற எண்ணைச் சொல்லியிருந்ததால், இந்த விடைக்காகத் துறையே காத்திருந்தது. இதற்காக சி.எம்.எஸ். குழு அலசியவை 2016-இல் பதிவான 30 கோடி நிகழ்வுகள். அவற்றோடு சேர்த்து 400 கோடி நிகழ்வுகள் கணினிக்குள் மட்டுமே நடந்தவை. நிஜமான ஒரு மோதலுக்குத் துணையாக, நடக்காத மோதல்கள் ஏறத்தாழ பதின்மூன்று.

அந்த நடக்காத மோதல்களை உண்டாக்கும் மென்பொருளை எழுதுவதையே தொழிலாகக் கொண்ட இயற்பியலாளர்கள் இருக்கிறார்கள். செர்ன் பற்றிய செய்திப் படங்களில் சுரங்கம் வரும், ராட்சத காந்தம் வரும்; இவர்கள் வருவதில்லை. இவர்கள் வேலை இல்லையென்றால் அந்த இயந்திரம் கொட்டும் எண்களுக்குப் பொருளே இல்லை என்பது என் துணிபு.

காரணம் எளிது. டிடெக்டர் எதுவும் துகளை நேராகப் பார்ப்பதில்லை. சி.எம்.எஸ். கருவியில் 75,848 ஈயத் தங்ஸ்டேட் படிகங்கள் இருக்கின்றன. ஒரு ஃபோட்டான் படிகத்துக்குள் பாய்ந்ததும் எலெக்ட்ரானும் பாசிட்ரானுமாக மாறும். அவை புதிய ஃபோட்டான்களை உமிழும். அந்த ஃபோட்டான்கள் மறுபடி ஜோடிகளாகும். இப்படிப் பெருகி ஓயும் பொழிவின் முடிவில் நமக்குக் கிடைப்பது ஒரு சிறு ஒளி, அதிலிருந்து ஒரு மின்துடிப்பு. அந்தத் துடிப்பை வைத்து, உள்ளே வந்த ஃபோட்டானின் ஆற்றலைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு வழி, ஃபோட்டான் நுழைவதிலிருந்து துடிப்பு வரை நடப்பதைக் கோடிக்கணக்கான முறை நடத்திப் பார்த்துவைப்பதுதான்.

இதைக் கணினியே இல்லாமல் செய்தவர் ஒருவர் உண்டு. பின்னாளில் ஃபெர்மிலேபை உருவாக்கிய ராபர்ட் வில்சன், 1952-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் உருளையின்மேல் வளைகோடுகளை வரைந்து மோட்டாரால் சுழலவிட்டார். ஈயத்துக்குள் ஏறத்தாழ ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் உருளையைச் சுற்றி, அது நிற்கும் இடத்தைப் படித்து, எலெக்ட்ரானுக்கு என்ன ஆயிற்று என்று குறித்துக்கொண்டார். இன்றைய மென்பொருளும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. துகளை ஓர் எட்டு நகர்த்தும். அதற்கு நேரக்கூடிய ஒவ்வொரு வினைக்கும் சமவாய்ப்பு எண் ஒன்றை எடுத்து, எது முதலில் நேரும் என்று பார்க்கும். இழந்த ஆற்றலைப் பதியும். புதிதாய்ப் பிறந்த துகள்களை வரிசையில் சேர்க்கும். வரிசை தீரும்வரை இதே வேலை.

செர்னில் 1974-இல் தொடங்கிய ஜியான்ட் என்ற நிரல் பல ஆண்டுகள் ஃபோர்ட்ரானில் வளர்ந்தது. 1990-களில் செர்னிலும் ஜப்பானின் கே.இ.கே. கூடத்திலும் தனித்தனியே எழுந்த யோசனைகள் ஒன்றுசேர்ந்து, எல்லாவற்றையும் சி++ மொழியில் புதிதாக எழுதுவதென்று முடிவாயிற்று. 1998 டிசம்பரில் ஜியான்ட்4 வெளிவந்தது. விண்கலங்களில் கதிர்வீச்சைக் கணிக்கவும், புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சை ஆராய்ச்சிக்கும் இப்போது அதே நிரல் பயன்படுகிறது.

வேலையில் பெரும்பகுதி, கருவியைக் கணினிக்குள் மறுபடி கட்டுவது. பெட்டி, உருளை, கூம்பு என்ற வடிவங்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றும் எந்தப் பொருளால் ஆனது என்று சொல்ல வேண்டும். சிலிக்கான் தகட்டை யாரும் மறப்பதில்லை. விட்டுப்போவது கேபிளும் குளிர்விக்கும் குழாயும் பசையும் திருகாணியும்தான். ஃபோட்டானுக்கு அந்த வேறுபாடு தெரியாது. எங்கே பொருள் இருக்கிறதோ அங்கே அது ஜோடியாக மாறக்கூடும். செர்னின் அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரு டிடெக்டர் குழுக்களும் இதையே பரிசோதனையாக்கிக்கொண்டன. நிஜத் தரவில் ஃபோட்டான்கள் ஜோடியாக மாறிய இடங்களை எல்லாம் புள்ளியிட்டால், கருவியின் உட்புறம் எக்ஸ்ரே படம்போல எழுந்து வரும். அதைச் சிமுலேஷன் தரும் படத்தோடு வைத்துப் பார்த்தால், எழுதாமல் விடப்பட்ட பாகம் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஏழாயிரம் டன் எடையுள்ள அட்லஸில், ஒரு கேபிள் கற்றை சரியான இடத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒருவர் உட்கார்ந்து கவலைப்படுகிறாரே, அந்த அக்கறைதான் இந்தத் தொழிலில் என்னை ஈர்ப்பது.

அன்றாடத் தொல்லைகளும் இந்த வடிவங்களிலிருந்தே வருகின்றன. இரண்டு பாகங்கள் சிறிதளவு ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிட்டால், துகள் எதற்குள் இருக்கிறது என்று நிரல் குழம்பும். எல்லையிலேயே சிக்கி நிற்கும். பத்து லட்சம் நிகழ்வில் ஒருமுறை இப்படி நேர்ந்தாலும், கோடிகளில் ஓட்டும்போது தாங்காது. அதனால் ஒவ்வொரு நிகழ்வும் தொடங்கிய சமவாய்ப்பு விதையைக் குறித்துவைப்பார்கள். அதே விதையைக் கொடுத்தால் அதே நிகழ்வு மறுபடி நடக்கும். 2013 டிசம்பரில் வந்த பத்தாம் பதிப்பிலிருந்து நிரல் பல இழைகளில் ஒரே நேரத்தில் ஓடுகிறது. எத்தனை இழைகளில் ஓடினாலும் ஒரு விதைக்கு ஒரே விடைதான் வர வேண்டும் என்பதில் சமரசம் கிடையாது.

எலெக்ட்ரானும் ஃபோட்டானும் நன்றாக அறியப்பட்டவை. புரோட்டானோ பையான் என்ற துகளோ அணுக்கருவில் மோதும்போதுதான் சிரமம். சமன்பாட்டை முழுக்கத் தீர்த்து விடை சொல்ல வழியில்லை. குறைந்த ஆற்றலுக்கு ஒரு மாதிரி, அதிக ஆற்றலுக்கு இன்னொன்று. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில் விடை திடீரென்று துள்ளிவிடக் கூடாது. எந்த மாதிரியை நம்புவது? தெரிந்த ஆற்றலுள்ள துகள்களைக் கருவியின் ஒரு துண்டின்மேல் செலுத்தி, அளந்ததையும் கணித்ததையும் ஒப்பிடுவார்கள். நிரல் எழுதுபவர் தன் நிரலைச் சந்தேகிக்கக் கற்றவராக இருக்க வேண்டும். அந்தச் சந்தேகம் இயற்பியல் படித்தவருக்கே வரும். வெறும் நிரலாளரை வைத்து இதைச் செய்ய முடியாததற்குக் காரணம் அதுவே.

இந்த உழைப்புக்குத் தகுந்த மதிப்பு இன்னும் கிடைக்கவில்லை. ஜியான்ட்4 பற்றி 2003-இல் வந்த கட்டுரை, இயற்பியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவற்றில் ஒன்று. அப்படியிருந்தும் நிரலைப் பேணும் இளம் இயற்பியலாளருக்கு நிலையான பதவி எளிதில் வாய்ப்பதில்லை. 2020-களுக்கான மென்பொருள் திட்ட அறிக்கையை இத்துறையினரே தயாரித்தபோது, பணிவாழ்வுக்கென்று தனிப் பகுதி ஒதுக்க வேண்டியிருந்தது. கருவி கட்டியவருக்கு உள்ள மரியாதை, அந்தக் கருவியைக் கணினிக்குள் கட்டியவருக்கும் கிடைக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

சிமுலேஷன் எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஊட்டியிலேயே சான்று உண்டு. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகம் கடந்தபோது, வானிலிருந்து பொழியும் மியூவான் துகள்களை எண்ணும் அங்குள்ள கிரேப்ஸ்-3 தொலைநோக்கியில் எண்ணிக்கை ஏறத்தாழ 2 சதவீதம் சரிந்தது. மேகத்துக்குள் யாரும் மின்னழுத்தமானி வைக்கவில்லை. வளிமண்டலத்தில் ஒரு மின்புலம் இருந்தால் மியூவான்கள் எவ்வளவு குறையும் என்று, ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் பிறந்த கார்சிகா நிரலில் கணக்கிட்டார்கள். மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்ற விடை 2019-இல் வெளியாயிற்று.

செர்னில் இப்போது நேரம்தான் நெருக்கடி. மோதல்கள் பன்மடங்காகும் உயர் ஒளிர்வுக் கட்டம் 2030-இல் தொடங்கவிருக்கிறது. ஒவ்வொரு துகளையும் எட்டு எட்டாக நடத்தக் கணினி போதாது. அட்லஸ் குழு, பொழிவுகளில் ஒரு பகுதியை நியூரல் நெட்வொர்க் மூலம் உருவாக்கத் தொடங்கிவிட்டது. அந்த நெட்வொர்க் பயில்வது ஜியான்ட்4 தந்த பொழிவுகளைக் கொண்டே. மூலத்தில் உள்ள பிழையையும் அது சேர்த்தே பயின்றுவிடும். அதனால் மூலத்தைச் சரிபார்க்கும் வேலை முன்னைவிட அவசியமாகிறது. சி.எம்.எஸ். குழு இந்தக் கட்டத்துக்காகக் கட்டும், துகளின் ஆற்றலை அளக்கும் புதிய கலோரிமீட்டரில் சுமார் 60 லட்சம் சிலிக்கான் அளவீட்டுத் தடங்கள் இருக்கும். அதன் முன்மாதிரி ஒன்றின்மேல் 2018 அக்டோபரிலேயே பாசிட்ரான்களைச் செலுத்தி, ஜியான்ட்4 சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டார்கள்.