மாறிலியும் மாக்ரோவும்

ஒரே பொருளைப் பல வகைகளில் செய்து விற்கும் தொழிற்சாலைகளில், எவ்வுறுப்பு எவ்வுறுப்போடு பொருந்தும் என்பதை விதிகளாக எழுதிக் கணிப்பொறியிடம் ஒப்படைக்கும் முறை இன்று பரவியுள்ளது. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஜான் மெக்டெர்மட் 1978இல் தொடங்கிய எக்ஸ்கான் என்னும் அமைப்பு இதற்கு முன்னோடியாகும். இவ்விதிகளை எழுதும் மொழிகளில் மாறிலி, மாக்ரோ ஆகிய இரண்டும் பெரிதும் பயன்படுவன.

திருப்பதிக்கு அருகிலுள்ள கரகம்பாடியிலும் சித்தூர் மாவட்டத்திலும் பாட்டரி எனப்படும் மின்கல அடுக்குகள் செய்யப்படுகின்றன. ஆதலின் அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஈய-அமிலக் கலம் ஒன்றின் பெயரளவு மின்னழுத்தம் 2 வோல்ட்டு. தொலைபேசிக் கோபுரத்திற்கு வேண்டுவது 48 வோல்ட்டு. எனவே 24 கலங்களைத் தொடராக இணைத்தல் வேண்டும்.

விதிகளில் 2 என்னும் எண்ணை நேரே எழுதினால் வரும் இடர் யாது? கலத்தின் முனைகளும் இரண்டே. 3.2 வோல்ட்டு தரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட்டுக் கலத்துக்கு மாறுங்கால், எந்த 2 மின்னழுத்தம், எந்த 2 முனை என்று தேடித் திரிய நேரும். ‘கலவழுத்தம்’ எனப் பெயரிட்டு, மதிப்பை ஓரிடத்தில் மட்டும் குறித்தால் அதுவே மாறிலி. அவ்வோரிடத்தைத் திருத்தியவுடன் கலத்தொகை 24 என்பது 15 எனத் தானே மாறிவிடும்.

மாக்ரோ என்பது நீண்டதொரு கோவைக்கு இட்ட சுருக்கப் பெயர். பாணினி, உயிரெழுத்துகள் அனைத்தையும் ‘அச்’ என்னும் ஓரசையால் குறித்துத் தம் சூத்திரங்களைச் சுருக்கியதும் இத்தகைய உத்தியே. பல மொழிகளில் மாக்ரோவின் பெயர் வருமிடமெங்கும் அக்கோவை எழுத்துக்கெழுத்து நிரப்பப்படும். அபாயமும் இங்கேதான் உள்ளது.

ஈய-அமிலக் கலத்தை நிறைவாக வைத்திருக்க, கலம் ஒன்றுக்கு ஏறத்தாழ 2.25 வோல்ட்டு ஊட்டுதல் வேண்டும். இதனை ‘2 + 0.25’ என மாக்ரோவாக எழுதி 24ஆல் பெருக்கினால், அது 24 × 2 + 0.25 என விரியும். 54 வரவேண்டிய இடத்தில் 48.25 வரும். அவ்வழுத்தத்தில் ஊட்டப்படும் கலத்தகடுகளில் ஈயச் சல்பேட்டு இறுகும்; கொள்ளளவு குன்றும்; மின்சாரம் தடைப்படும் வேளையில் கோபுரம் செயலற்றுப் போகும்.

ஆகவே மாக்ரோவின் கோவையை அடைப்புக்குறிக்குள் எழுதுதல் வேண்டும். மாறிலியின் பெயரோடு அலகையும் குறித்தல் வேண்டும். கல வகைக்கேற்ப ஊட்டழுத்தம் வேறுபடுவதால், அதற்குத் தனியே ஒரு மாறிலி அமைப்பதே முறையாகும்.