துருவத்துக்குப் போன ஆசிரியர்கள்: பார்த்ததைப் பகிர்வது ஓர் அமானிதம்

சபர் போய் வந்தவரைச் சுற்றி உட்கார்ந்து செய்தி கேட்பது நம் ஊர்களில் பழைய வழக்கம். ஒரு காலத்தில் கொழும்புக்கும் பினாங்குக்கும் கப்பலேறிப் போனார்கள். இப்போது வளைகுடாவுக்கு விமானத்தில் போகிறார்கள். போகிற ஊர் மாறியதே தவிர, கேட்பவர்களின் ஆர்வம் மாறவில்லை. நமக்குத் தெரிந்த ஒருவர் நேரில் பார்த்துவிட்டு வந்து சொல்வது மனதில் தங்கும் அளவுக்கு, புத்தகத்தில் படித்தது தங்குவதில்லை.

இந்த எளிய உண்மையின் மீது அமெரிக்காவில் ஒரு கல்வித் திட்டமே கட்டப்பட்டது. பள்ளி ஆசிரியர்களை வட துருவப் பகுதிக்கும் தென் துருவக் கண்டமான அண்டார்டிகாவுக்கும் அனுப்பி, அவர்கள் கண்டதைப் பிள்ளைகளிடமும் ஊர் மக்களிடமும் சொல்ல வைக்கும் திட்டம் அது.

போலார்ட்ரெக் திட்டம்

2007ஆம் ஆண்டு சர்வதேச துருவ ஆண்டு தொடங்கியது. உலகின் பல நாடுகள் சேர்ந்து துருவப் பகுதிகளை ஆராய்வதற்காக ஒதுக்கிய காலம் அது. அந்த ஆண்டில்தான் 'போலார்ட்ரெக்' திட்டமும் தொடங்கப்பட்டது. அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை இதற்கு நிதி வழங்கியது. இதே போன்ற முயற்சிகள் 1990களிலேயே அங்கு நடந்திருக்கின்றன.

இதில் தேர்வான ஆசிரியர், ஏற்கெனவே ஆய்வுக்குச் சென்ற ஒரு விஞ்ஞானிகள் குழுவில் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். சில வாரங்கள் அவர்களுடன் தங்கி வேலை செய்தார். அவர் சுற்றுலாப் பயணி அல்ல. மண் எடுப்பது, செடிகளைக் கணக்கெடுப்பது, பனியின் ஆழத்தை அளப்பது, கருவிகளைச் சுமப்பது என எல்லா வேலைகளிலும் அவருக்குப் பங்கு இருந்தது.

உதாரணத்துக்கு, அலாஸ்காவின் வடக்கே டூலிக் என்ற ஆய்வு நிலையம் இருக்கிறது. அங்கே சற்று ஆழத்தில் மண் ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும். கோடையில் மேல் பகுதி மட்டும் இளகும். எவ்வளவு ஆழம் இளகியிருக்கிறது என்று அறிய, ஒரு நீண்ட இரும்புக் கம்பியை மண்ணில் செருகுவார்கள். கெட்டியான உறைமண்ணில் முட்டி கம்பி நிற்கும் இடம்தான் அளவு. இப்படி ஒரே நிலத்தில் பல இடங்களில், ஆண்டுதோறும் அளக்க வேண்டும். விஞ்ஞானம் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பொறுமையான வேலை என்பதை ஆசிரியர் தம் கையாலேயே செய்து அறிந்தார்.

போவதற்கான நிபந்தனை

இத்திட்டத்தில் முக்கியமாக இருந்தது ஒரு நிபந்தனை. பார்த்ததை ஆசிரியர் தம்மோடு வைத்துக்கொள்ளக் கூடாது. அங்கிருந்தே நாட்குறிப்பு எழுதி இணையத்தில் வெளியிட வேண்டியிருந்தது. பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. நேரடி இணைப்பில் வகுப்பறைகளோடு பேச வேண்டியிருந்தது. திரும்பிய பிறகு பாடத்திட்டங்கள் தயாரித்து மற்ற ஆசிரியர்களுக்கும் கொடுக்க வேண்டியிருந்தது.

நம் மொழியில் சொன்னால், அந்தப் பயணம் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட ஓர் அமானிதம். சொல்லி முடித்தால்தான் அது நிறைவேறும்.

விஞ்ஞானிகளே பள்ளிக்கு வந்து பேசலாமே, ஆசிரியர் எதற்கு என்ற கேள்வி எழலாம். விஞ்ஞானிக்குத் தம் துறை தெரியும். ஆனால் பத்து வயதுப் பிள்ளை எந்த இடத்தில் புரியாமல் விழிக்கும் என்பது ஆசிரியருக்குத்தான் தெரியும். மேலும், அந்தக் குழுவில் அவரும் ஒரு மாணவர். தமக்குப் புரியாததைக் கேட்டுக் கேட்டுக் கற்றவர் என்பதால், அதை எளிமையாக எடுத்துச் சொல்லவும் அவரால் முடிகிறது.

பிள்ளைகளுக்குக் கிடைப்பது என்ன?

சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

முதலாவது, தெர்மாகோல் கப். ஆய்வுக் கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் பெயரும் படமும் வரைந்து கொடுத்த கப்புகளை வலைப்பையில் போட்டு, கருவிகளோடு சேர்த்து ஆழ்கடலில் இறக்குவார்கள். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடும். 3,000 மீட்டர் ஆழத்தில் அது சுமார் 300 மடங்கு. கப்புக்குள் இருக்கும் காற்றுக் குமிழ்கள் நசுங்கி, அது சிறு பொம்மைக் கிண்ணம் போலச் சுருங்கி மேலே வரும். தான் பெயர் எழுதிய கப் இப்படித் திரும்பி வந்ததைப் பார்த்த பிள்ளை, நீரழுத்தம் என்ற பாடத்தை மறக்குமா?

இரண்டாவது, சூரியன். தென் துருவத்தில் ஆண்டுக்கு ஒரு முறைதான் சூரிய உதயம், ஒரு முறைதான் அஸ்தமனம். ஏறக்குறைய ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு. இதைக் கேட்டால் நம் வீட்டுப் பிள்ளைகள் உடனே, "அப்படியென்றால் அங்கே தொழுகை நேரம் எப்படி?" என்று கேட்பார்கள். இரவும் பகலும் பிரிந்து வரும் அருகிலுள்ள ஊரின் நேரத்தைக் கணக்கிட்டுத் தொழலாம் என்று அறிஞர்கள் விளக்கியிருக்கிறார்கள். பூமியின் சாய்வு என்ற புவியியல் பாடம் பிள்ளையின் அன்றாட வாழ்வைத் தொட்டதால் வந்த கேள்வி இது.

மூன்றாவது, பனிக்கட்டி. இரண்டு கண்ணாடி டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீர் ஊற்றி ஐஸ் கட்டியை மிதக்க விடுங்கள். மற்றொன்றில் பெரிய கல்லை வைத்து, அதன் தலை வெளியே தெரியும்படி நீர் ஊற்றி, கல்லின் மேல் ஐஸ் கட்டியை வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டுக் காத்திருங்கள். மிதந்த ஐஸ் கரைந்த டம்ளரில் மட்டம் உயராது. கல்லின் மேலிருந்த ஐஸ் கரைந்த டம்ளரில் உயரும்.

வட துருவக் கடலில் மிதக்கும் பனி முதல் டம்ளரைப் போன்றது. கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் இரண்டாவது டம்ளரைப் போன்றவை. கிரீன்லாந்தின் பனி முழுவதும் கரைந்தால் உலகின் கடல்மட்டம் சுமார் 7 மீட்டர் உயரும். முழுவதும் கரைய மிக நீண்ட காலம் பிடிக்கும் என்றாலும், கரைதல் தொடங்கிவிட்டது. காயல்பட்டினம், கீழக்கரை, தொண்டி, அதிராம்பட்டினம், நாகூர் என்று நம் ஊர்கள் பல கடலோரத்தில்தான் இருக்கின்றன. துருவத்துச் செய்தி நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல.

சொல்வது மட்டுமல்ல, கேட்பதும்

வட துருவப் பகுதி யாரும் இல்லாத வெற்றிடம் அல்ல. அலாஸ்காவின் வட முனையில் உள்ள உட்கியாக்விக் ஊரில் இனுப்பியாட் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். திமிங்கல வேட்டைக்காகக் கடல்பனியின் மீது செல்பவர்கள் அவர்கள். எந்தப் பனி தாங்கும், எது உடையும் என்பது அவர்களுக்கு உயிர் சம்பந்தப்பட்ட அறிவு. அங்கே செல்லும் ஆசிரியர் அவர்களிடமும் கேட்டுத்தான் கற்க வேண்டும். கருவி சொல்வதும் அறிவு, அந்த ஊர்ப் பெரியவர் சொல்வதும் அறிவு என்று அவர் தம் மாணவர்களிடம் சொல்லும்போது, பிள்ளைகள் பணிவையும் சேர்த்துக் கற்கிறார்கள்.

நம் நாட்டின் முன்னோடிகள்

அண்டார்டிகாவுக்கான முதல் இந்தியப் பயணக்குழு 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரியில் அங்கே இறங்கியது. 21 பேர் கொண்ட அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் கடல் விஞ்ஞானி டாக்டர் செய்யது ஜஹூர் காசிம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பின்னாளில் டெல்லி ஜாமியா மில்லியா இஸ்லாமியாவின் துணைவேந்தராகப் பணியாற்றினார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

1983ல் புறப்பட்ட குழுவில் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரு பெண் விஞ்ஞானிகள் சென்றார்கள். அண்டார்டிகாவில் கால் வைத்த முதல் இந்தியப் பெண் விஞ்ஞானிகள் இவர்கள்தாம். இவர்களில் சுதீப்தா சென்குப்தா ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்தவர். தம் பயணத்தை 'அண்டார்டிகா' என்ற பெயரில் வங்காள மொழியில் நூலாக எழுதினார். ஆங்கிலம் அறியாத வங்காளியும் துருவத்தைப் பற்றித் தம் தாய்மொழியிலேயே படிக்க முடிந்தது.

நாம் என்ன செய்யலாம்?

எல்லா ஆசிரியரும் துருவத்துக்குப் போக முடியாது. ஆனால் நம் ஒவ்வொரு மஹல்லாவிலும் நேரில் கண்டறிந்தவர்கள் இருக்கிறார்கள். கப்பலில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், கடலுக்குப் போகும் மீனவர், மருத்துவமனையில் பணிபுரியும் செவிலியர், வெளிநாட்டில் பொறியாளராக இருந்தவர் என்று எத்தனையோ பேர். மாதம் ஒரு முறை அவர்களில் ஒருவரைப் பள்ளிக்கோ மதரஸாவுக்கோ அழைத்துப் பேச வைக்கலாம். அதற்குப் பெரிய செலவு இல்லை. பிள்ளைகளை முன்கூட்டியே கேள்விகள் எழுதி வரச் சொன்னால் போதும்.

பேச வருபவருக்கும் ஒரு வேண்டுகோள். பெருமைகளை மட்டும் அடுக்காதீர்கள். வேலை எப்படி நடக்கிறது, எது கடினம், எதைக் கற்க வேண்டியிருந்தது என்று சொல்லுங்கள். உங்களிடம் இருக்கும் அனுபவம் உங்களுக்கு மட்டும் சொந்தமானதல்ல. அடுத்த தலைமுறைக்கும் அதில் பங்கு உண்டு.