மாஃபாக்கள் தொட்ட முகங்கள்

கேமரூனின் வடக்கே, மந்தாரா மலைப் பகுதியில் மாஃபா என்றொரு இனம். லைப்சிக் நகரத்து ஆய்வாளர் தாமஸ் ஃபிரிட்ஸ், மேல்நாட்டு இசையே காதில் விழுந்திராத மாஃபாக்களைத் தேடிப் போய்ப் பியானோத் துணுக்குகளைப் போட்டுக் காட்டினார். எதிரே மூன்று முகப் படங்கள்: மகிழ்ந்தது, வாடியது, மிரண்டது. எது பொருந்துகிறதோ அதைத் தொட வேண்டும். கேட்பவருக்குச் சோகம் வந்ததா என்பது இங்கே கேள்வியில்லை. இசையில் சோகம் தெரிகிறதா என்பதுதான். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மூன்று உணர்ச்சிகளையும் அவர்கள் அடையாளம் கண்டார்கள் என்று 2009இல் முடிவு வெளியானது. நாம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கண்ணை மூடிக்கொண்டு தொட்டிருந்தால் எத்தனை சரியாகியிருக்கும்? மூன்றில் ஒன்று. பேச்சுக்கு ஒருவருக்கு 30 துணுக்குகள் என்று வையுங்கள். குத்துமதிப்பிலேயே 10 தேறும். 12 தேறினால் கொண்டாட ஒன்றுமில்லை. சும்மா தொடுகிறவர்களிலும் நாலில் ஒருவருக்கு அந்த அளவோ அதற்கு மேலோ கிடைத்துவிடும். 20 தேறினால் கதை வேறு. குத்துமதிப்பில் அது ஆயிரம் பேரில் ஒருவருக்குக்கூட வாய்ப்பது அபூர்வம். சோதித்த 21 மாஃபாக்களில் இருவர் குத்துமதிப்பு அளவைத் தாண்டவில்லை. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அந்த இருவரும் கண்ணில் பட்டிருக்க மாட்டார்கள்.

இன்னொரு பொறியும் உண்டு. எதைக் கேட்டாலும் சிரித்த முகத்தையே தொடுகிற ஆள் மகிழ்ச்சித் துணுக்குகள் அத்தனையிலும் நூற்றுக்கு நூறு வாங்கிவிடுவார்! அதனால் சரியான விடைகளை எண்ணினால் போதாது, தப்பு விடைகள் எந்தப் பக்கம் சாய்ந்தன என்றும் பார்க்க வேண்டும்.

சரி, காதுக்குத் துப்புக் கொடுத்தது எது? எனக்குப் பிடித்த இடம் இதுதான். இதற்கு வேறொரு சோதனைக்குப் போவோம். பால்க்வில், தாம்ஸன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1999இல் இந்துஸ்தானி ராகங்களை, அவற்றோடு பழக்கமில்லாத கனடாக்காரர்களுக்குப் போட்டார்கள். எவ்வளவு மகிழ்ச்சி, எவ்வளவு சோகம், எவ்வளவு கோபம், எவ்வளவு சாந்தம் என்று மதிப்பெண் வாங்கியதோடு, வேகம் எப்படி, மெட்டு எவ்வளவு சிக்கல் என்றும் கேட்டுக்கொண்டார்கள். வேகமும் எளிய மெட்டும் சேர்ந்தால் மகிழ்ச்சி. நிதானமும் சிக்கலான மெட்டும் சேர்ந்தால் சோகம். ஆனால் வேகமான பாட்டு பெரும்பாலும் எளிய பாட்டாகவும் இருந்துவிட்டால் புகழ் யாருக்கு? வேகம் ஏறக்குறைய ஒன்றாக உள்ள துணுக்குகளுக்குள் மெட்டு மாறும்போது மதிப்பெண்ணும் மாறுகிறதா என்று பார்ப்பதுதான் வழி. தொடர்புப் போக்குப் பகுப்பாய்வு என்று பெரிய பெயர் வைத்திருக்கிறார்களே, அது இந்த வேலையைத்தான் எண்களால் செய்கிறது.

அந்தக் கனடாக்காரர்கள் மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் பிடித்தார்கள். சாந்தம் பிடிபடவில்லை. சாந்தமும் சோகமும் ஒரே நிதானத்தில் நடப்பதால், வேகத்தை நம்பியவர்கள் அங்கே தடுமாறியிருப்பார்கள் என்பது என் ஊகம். சரிபார்க்க, ஒரே வேகத்தில் வாசித்த சாந்த, சோக ராகங்களை மட்டும் தனியே போட்டுக் கேட்க வேண்டும்.