கோட்டையும் குளக்கட்டும்

மட்டக்களப்பு நகரின் பழைமையைக் காண வருவோர் புகையிரதத்தில் வந்திறங்குவர். அல்லது திருகோணமலைத் தெருவாலோ கல்முனைத் தெருவாலோ வந்து சேருவர். யானோ மேற்கிலிருந்து வருபவன். வாவியின் மேற்குப் புறத்தை நாம் படுவான்கரை என்கிறோம். ஞாயிறு படுகின்ற கரை. கடலோரத்து மக்களின் கரை எழுவான்கரை. உன்னிச்சையிலிருந்து ஆயித்தியமலை, வவுணதீவு வழியாக வந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தாலன்றி எமக்கு நகரம் இல்லை. ஆதலின் நகரத்துப் பழங்கட்டடங்களை நாம் வேடிக்கை பார்க்கச் சென்று அறிந்தவர்களல்லர். அவற்றிடம் ஏதாவதொரு காரியம் இருந்தபடியால் அறிந்தவர்கள்.

கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். புளியந்தீவின் ஓரத்தில் இரு புறம் வாவியும் இரு புறம் அகழியுமாக, நான்கு மூலைக்கொத்தளங்களோடு சதுரமாக நிற்கும் அக்கோட்டையைப் போர்த்துக்கேயர் 1628 இல் எழுப்பினர். பத்தாண்டு கழித்து, 1638 மே 18 ஆம் நாள், ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். 1795 இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதன்பின் நெடுங்காலம் அதனுள்ளே கச்சேரி இயங்கிற்று. எமது ஊர்ப் பெரியவர்களைக் கோட்டை எங்கே என்று கேட்டால் ஒரு கணம் திகைப்பார்கள். கச்சேரி எங்கே என்றால் உடனே கைகாட்டுவார்கள். காணி உறுதிக்கும், வெள்ள நிவாரணத்துக்கும், பிறப்புப் பதிவு தொலைந்துபோன துன்பத்துக்குமாக அந்த வாயிலால் நுழைந்தவர்கள் அவர்கள். பீரங்கி வைத்த கொத்தளத்தின் நிழலிலே கடதாசிக் கட்டுடன் காத்துநின்ற விவசாயிக்கு அது போர்த்துக்கேயர் கட்டியதா ஒல்லாந்தர் கட்டியதா என்பது பற்றிக் கவலை இருக்க நியாயமில்லை.

ஆனால் கடதாசிக்கும் அக்கோட்டைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. இதனை மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். கோட்டை விழுந்து ஐந்தாம் நாள், 1638 மே 23 இல், கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனுக்கும் ஒல்லாந்தக் கடற்படைத் தலைவன் வெஸ்டர்வோல்டுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை மட்டக்களப்பிலே கைச்சாத்தாயிற்று. போர்த்துக்கேயரைத் துரத்த ஒல்லாந்தர் உதவுவர். செலவை அரசன் கறுவாவாலும் பிற விளைபொருள்களாலும் கொடுப்பான். இதுவே அதன் சாரம். பிடிபடும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை இருக்கலாமா என்பதுதான் வில்லங்கம். அரசன் விரும்பினால் இருக்கலாம் என்னும் பொருளுடைய சொற்கள் ஒரு படியிலே இருந்தன. மற்றப் படியிலே இல்லை. அந்தச் சில சொற்களின் பேரால் எழுந்த பிணக்கு ஆண்டுக்கணக்காக ஓயவில்லை. அரசன் இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று நம் நாட்டார் சொல்லும் பேச்சு இவ்வுடன்படிக்கையின் பேறுதான். சான்றிதழின் படியிலே ஒரு சொல் விட்டுப்போனதால் மறுபடியும் பத்துக்கட்டை பயணஞ்செய்து வந்த எங்கள் ஊரார் இராசசிங்கனின் மனவேதனையை நன்றாக உணர்வர் என்று நான் வகுப்பிலே சொல்வதுண்டு. மாணவர் சிரிப்பார்கள், மறக்கமாட்டார்கள்.

கோட்டையை விட்டு வெளியே வந்தால் கல்விக்கூடங்கள். வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த பாதிரியார் 1814 இல் இந்நகருக்குத் தனியராய் வந்தார். ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்பிரலிலே, நோயுற்று இறந்தார். அந்தச் சில மாதங்களிலே அவர் தொடக்கிய பள்ளியின் வழிவந்ததே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. வாவிக்கரையிலே அவருக்குச் சிலை உண்டு. 1873 இல் தோன்றிய புனித மிக்கேல் கல்லூரியைப் பின்னர் பிரெஞ்சு நாட்டு இயேசுசபையினர் பொறுப்பேற்றனர். அதன் கம்பீரமான கட்டடத்தைக் காண்போர் பொனல் அடிகளின் பெயரைச் சொல்லாமற் போவதில்லை. காரைதீவில் 1892 இல் பிறந்த மயில்வாகனன் என்னும் மாணவன் அக்கல்லூரியிலே பயின்றான். அவனே பின்னாளில் விபுலாநந்த அடிகளாகி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கி, யாழ்நூலைத் தந்து, 1947 இல் மறைந்தார். அடிகளார் 1929 இல் நிறுவிய சிவானந்த வித்தியாலயமும் அவரது சமாதியும் கல்லடி உப்போடையில் உள்ளன.

கல்லடிக்குச் செல்லப் பாலத்தைக் கடக்கவேண்டும். 1924 இல் கட்டப்பட்ட அந்த இரும்புப் பாலத்துக்குத் தேசாதிபதி மனிங்கின் மனைவியார் பெயரை வைத்தனர். பெயர் பலகையோடு நின்றுவிட்டது. மக்கள் வாயில் அது கல்லடிப் பாலம்தான். பாலத்தைவிடப் பாலத்தின் கீழ் எழும் ஓசைக்கே புகழ் அதிகம். நிலாக் காலத்து இரவிலே தோணியில் இருந்துகொண்டு துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு, மறு நுனியைக் காதில் வைத்தால் யாழின் நரம்பை மெல்ல வருடியதுபோன்ற ஒலி கேட்கும். குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் டெனன்ற் 1859 இல் வெளியிட்ட தமது நூலிலே இதனை விரித்துரைத்தார். அமெரிக்க இயேசுசபைத் துறவியான லாங் அடிகளார் 1950களில் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அதனைப் பதிவு செய்தார். 1960களில் இலங்கை வானொலி அதனை ஒலிபரப்பிற்று. பாடுவது மீனா, சிப்பியா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. தீராதிருப்பதே ஊருக்கு அழகு என்பது என் கட்சி. 2013 இல் பக்கத்திலே புதுப்பாலம் திறந்தபின்னரும் பழையதைப் பிடுங்கி இரும்பு விலைக்கு விற்காமல் விட்டார்களே, அதற்காக அவர்களை வாழ்த்தலாம்.

பாலமீன்மடுவிலே 1913 இல் எழுந்த வெளிச்சவீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 28 மீற்றர் உயரம், வெண்மை நிறம், ஏறினால் வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரம் தெரியும்.

இவையெல்லாம் இன்னும் நிற்கின்றன என்பதே அதிசயம். 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி நகரத்துக் கூரைகளையும் கரையோரத்துத் தென்னைகளையும் வாரிக்கொண்டு போயிற்று. 2004 டிசம்பர் 26 இல் வந்த ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் அழித்தது. கல்லடித் திருச்செந்தூர் முருகன் ஆலயக் கோபுரத்தைச் சாய்த்துவிட்டது. இடையிலே போர். போர்க்காலத்தில் வாவியே எல்லைக்கோடாயிற்று. 2007 வரை வவுணதீவைத் தாண்டி நகருக்கு வருவதென்பது ஒரு நாட்டிலிருந்து மறு நாட்டுக்குச் செல்வதை ஒத்திருந்தது. கோட்டையும் கல்லூரியும் கண்ணுக்குத் தெரிந்தன. போய்ச் சேர அரைநாள் ஆயிற்று.

இனி எம்முடைய கரைக்கு வருவோம். படுவான்கரையின் தொன்மை என்றால் எல்லோரும் கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரத்தைச் சொல்வர். அந்நியப் படையினன் ஏளனஞ்செய்தபோது கல்நந்தி எழுந்து புல்லுண்டதென்ற ஐதிகத்தை எங்கள் குழந்தைகள் தாய்ப்பாலோடு உண்கின்றனர். எப்.எக்ஸ்.சி. நடராசா 1962 இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியமும், பண்டிதர் வி.சீ. கந்தையா 1964 இல் எழுதிய மட்டக்களப்புத் தமிழகமும் இவ்வரலாறுகளையெல்லாம் பேணித் தந்தன. 2014 இல் மண்முனைப் பாலம் திறந்தபின் அத்திருத்தலத்துக்கு ஓடத்துக்காகக் காத்திருக்கும் வேலையும் இல்லை.

ஆயினும் உன்னிச்சையில் என்ன இருக்கிறது என்று கேட்பவருக்கு நான் காட்டுவது கோயிலையன்று, குளக்கட்டை. அதைப் பார்த்ததும் பலர் ஏமாற்றமடைவதை அறிவேன். அதற்கு முகப்பில்லை, தூணில்லை, சாளரமில்லை. இரு பக்கமும் சரிந்த ஒரு நீண்ட மண்மேடு, அதன்மேல் ஒரு பாதை. நகரத்தார் அதனைக் கட்டடம் என்று ஒப்புக்கொள்வதில்லை. 'கட்டு' என்னும் சொல்லிலிருந்துதான் கட்டடமும் பிறந்தது என்று இலக்கணம் காட்டினாலும் அவர்கள் மனம் இளகுவதில்லை.

சற்று நின்று பார்க்கும் பொறுமை உடையவர்களுக்கு அது பேசும். அலை மோதி மண் கரைந்துபோகாதிருக்க உட்புறச் சரிவிலே கல் பதித்திருக்கிறார்கள். துருசு திறந்தால் அணையின் அடியால் நீர் வாய்க்காலுக்குப் போகிறது. அது எந்த வட்டைக்கு எந்த நாளில் எவ்வளவு என்பது சிறுபோகத்துக்கு முன்னரே கூட்டத்தில் பேசித் தீர்க்கப்படுகிறது. வட்டவிதானையின் வாக்கு அங்கே சட்டம். மாரியில் குளம் நிரம்பினால் வான்கதவுகள் திறக்கப்படும். அந்தச் செய்தியை வானொலி சொல்லும்போது நகரத்தார் தம் வீட்டு வாசலில் வெள்ளம் வருமோ என்று எண்ணுவர், எம்மவரோ வருகிற போகம் கைகூடுமென்று எண்ணுவர். ஒரே செய்தி, இரண்டு கரை. கோட்டைக்கு எதிரி வெளியிலிருந்து வருவான். குளக்கட்டின் பகை ஓசையின்றி உள்ளேயிருந்து வருகிறது: கறையான் புற்று, வளை தோண்டும் பிராணி, வேரோடும் மரம். ஆதலின் கோட்டை பாழடைந்தாலும் கோட்டைதான். குளக்கட்டை ஒரு மாரிக்குக் கவனியாது விட்டாலும் அது குளக்கட்டாக இராது. பேணுதல் என்பதற்கு இதைவிடக் கண்டிப்பான ஆசிரியன் இல்லை.

நீரைப் பற்றிய மற்றொரு செய்தி உண்டு. மட்டக்களப்பு நகரம் இன்று அருந்தும் குழாய்நீர் உன்னிச்சைக் குளத்து நீர். ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு செய்த திட்டத்தாலே அது வவுணதீவில் சுத்திகரிக்கப்பட்டு வாவியைக் கடந்து செல்கிறது. உப்புக் கரித்த கிணறுகளோடு வாழ்ந்த நகரத்துக்கு அது பெரும்பேறு, மறுப்பதற்கில்லை. ஆனால் குளத்துக்கு அருகிலுள்ள எங்கள் ஊர்கள் சில, நீர் நகரத்துக்குப் போன பின்னரும் பல ஆண்டுகள் ஒரு குழாய்க்காகக் காத்திருந்தன. வரட்சியிலே தண்ணீர் வண்டியை எதிர்பார்த்துக் குடத்தோடு நின்ற பெண்களுக்குத் தங்கள் குளம் எங்கே போகிறது என்பது நன்றாகத் தெரியும். நகரத்திலே குழாயைத் திருகுபவருக்கு அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியுமோ என்னவோ.

இவ்விடத்தில் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள சான் பிரான்சிஸ்கோ நகரம் நினைவுக்கு வருகிறது. அதுவும் வாவிபோன்ற விரிகுடாவை அணைத்துக் கிடக்கும் ஊர். 1791 இல் கட்டி முடித்த டொலோரஸ் ஆலயம், 1898 இல் திறந்த படகுத்துறை மாளிகை, 1937 இன் தங்கவாயிற் பாலம் என்று அதற்கும் ஒரு நிரல் உண்டு. 1906 ஏப்பிரலில் நிலம் நடுங்கித் தீப்பற்றியபோது நீர்க்குழாய்கள் உடைந்துபோய், தீயணைக்க நீரின்றி அந்நகரம் நாட்கணக்கில் எரிந்தது. அதன்பின் அவர்கள் தொலைவிலே மலைக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி என்னும் அழகிய பள்ளத்தாக்கை நீர்த்தேக்கமாக்க உறுதிபூண்டனர். இயற்கையை நேசித்த ஜோன் மியூர் தம் இறுதிக்காலம்வரை அதனை எதிர்த்தார். 1913 இல் சட்டம் நிறைவேறிற்று. 1914 இல் அவர் இறந்தார். 1923 இல் அணை முடிந்தது. முதற்குடிகள் வாழ்ந்து புழங்கிய பள்ளத்தாக்கு நீருள் மறைந்தது. 1934 இல் ஏறத்தாழ 167 மைல் ஓடி நீர் வந்து சேர்ந்தபோது, நகரத்துக்குத் தெற்கே அது வந்து விழும் இடத்திலே அவர்கள் ஒரு சிறு மண்டபம் எழுப்பினர். வட்டமாய்த் தூண்கள் நிறுத்திய கிரேக்க முறை மண்டபம். அதனை நீர்க்கோயில் என்றே அழைக்கின்றனர்.

அந்நியன் பள்ளத்தாக்கை மூழ்கடித்த பாவத்துக்குக் கழுவாயாகக் கோயில் கட்டினான் என்று நண்பர் ஒருவர் பரிகசித்தார். இருக்கட்டும். எமது குளத்துக்காக எவரும் எதையும் மூழ்கடிக்கவில்லை. நீர் வந்த வழியை நினைவூட்டும் ஒரு கல்லைக்கூட நகரத்தில் நான் கண்டதுமில்லை. ஓல்ட் பாதிரியாருக்குச் சிலையும் மனிங் சீமாட்டிக்குப் பாலமும் தந்த நகரம் கஞ்சத்தனமுடையதென்று எவரும் சொல்லமுடியாது. ஆனால் நகரத்து நினைவுச்சின்னங்களின் நிரலை யார் எழுதினாலும் அது வாவியின் கிழக்குக் கரையோடு முடிந்துவிடுகிறது. பாடசாலைச் சுற்றுலா செல்லும் பிள்ளைகளும் அந்த நிரலின்படியே கோட்டை, பாலம், வெளிச்சவீடு என்று போய்வருகின்றனர். எங்கள் பிள்ளைகளும் அப்படியே போய்வந்து, தாம் பார்க்கத்தக்க எதுவும் இல்லாத ஓரிடத்திலிருந்து வந்தவர்கள் என்ற எண்ணத்தோடு வீடு திரும்புகின்றனர். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

ஆதலின் சென்ற சில ஆண்டுகளாக எம் வகுப்புச் சுற்றுலாவைக் குளக்கட்டிலிருந்தே தொடக்குகிறேன். துருசைக் காட்டிவிட்டு, வாய்க்காலோரம் சிறிது தூரம் நடத்திவிட்டுத்தான் பேருந்தில் ஏற்றுவது. கோட்டை வாயிலில் நிற்கும்போது அங்குள்ள குழாயில் எல்லோரும் நீர் குடிக்கின்றனர். உப்பில்லை, எங்கள் ஊர்த் தண்ணீர் என்று சென்ற முறை ஒரு சிறுமி உரத்துச் சொன்னாள். அருகில் நின்ற வெளியூர்ப் பயணிகள் சிலர் திரும்பிப் பார்த்தார்கள்.

வலையிறவுப் பாலத்தின் நகரப் பக்கத்திலே ஒரு சிறு கல் நாட்ட இடமுண்டு. குளத்தின் பெயரையும் அது எத்தனை கட்டை தூரம் என்பதையும் எழுதினாற் போதும். தூணும் மண்டபமும் வேண்டா. மூன்று மொழியிலும் எழுதுவார்களாயின், 'உன்னிச்சை' என்பதை எழுத்துப்பிழையின்றித் தமிழிலே பொறிக்க, எம் ஐந்தாம் வகுப்பு மாணவர் எவரையும் துணைக்கு அனுப்பச் சித்தமாயிருக்கிறேன்.