கண்ணாடி இலை மஞ்சளாகும்போது

நெல் பால் பிடிக்கும்வரை, கதிரை ஒட்டியுள்ள கடைசி இலையான கண்ணாடி இலை பச்சையாக நின்று உணவு தயாரிக்கும். மணி முற்ற முற்ற மஞ்சளாகும். பார்ப்பதற்கு வெறுமனே காய்வதுபோல் இருந்தாலும், அந்த இலை தன் புரதங்களைக் கலைத்து, அவற்றிலுள்ள நைட்ரஜனை மணிக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. மணியிலுள்ள நைட்ரஜனில் பெரும்பங்கு இப்படி இலைகளிலிருந்து வந்ததுதான்.

எந்தப் புரதம் போகவேண்டும், எது இருக்கவேண்டும்? இதைத் தீர்மானிப்பதில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதில் 76 அமினோ அமிலங்களே உள்ளன. தாவரத்தினுடையதற்கும் மனிதனுடையதற்கும் மூன்றே இடங்களில்தான் வேறுபாடு. மூன்று நொதிகள் கைமாற்றிக் கொண்டுபோய் இதை இன்னொரு புரதத்தின்மேல் முத்திரையாக ஒட்டுகின்றன. யாருக்கு முத்திரை என்பதை அடையாளம் காண்பது மூன்றாவது நொதி. முத்திரைகள் சங்கிலியாகச் சேர்ந்ததும் புரோட்டியசோம் என்ற பெரிய நொதித் தொகுப்பு அந்தப் புரதத்தை உள்ளிழுத்துத் துண்டாக்கும். முத்திரை கழன்று மறுபடி பயன்படும். இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

முதிரும் இலையில் எல்லாம் இந்த வழியாகவே நடப்பதில்லை. இலை நைட்ரஜனில் பெரும்பகுதி பசுங்கணிகத்துக்குள் இருக்கிறது. அது அடங்கிய புரதங்களை அங்குள்ள நொதிகளும் செல்லின் நுண்குமிழும் கலைக்கின்றன.

வெயில் கடுமையானால் கதை மாறும். புரதங்கள் மடிப்புக் குலைந்து திரண்டு, செல்லுக்கு நஞ்சாகின்றன. முத்திரைகள் அவற்றில் ஒட்டிக்கொள்வதால் கையிருப்பு குறைகிறது. மக்காச்சோளத்தில் வெப்பமே யுபிக்விட்டின் ஜீனைத் தூண்டிவிடுகிறது. ஆனால் முத்திரை குத்தினால் மட்டும் போதாது, குப்பை அகலவும் வேண்டும். ஆப்பிரிக்க நெல்லின் டிடி1 ஜீன் புரோட்டியசோமின் ஓர் உறுப்பைத் தருகிறது. அந்த நெல்லில் உள்ள ஜீன் வடிவம், கெட்ட புரதங்களை விரைவாக அகற்றுவதால் பயிர் வெப்பத்தைத் தாங்குகிறது. 2015இல் சீன ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள்.

என்னை அதிகம் வியக்கவைப்பது முத்திரைக்குத் தப்பும் புரதம். ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ நெல்லிலிருந்து 2006இல் அடையாளம் காணப்பட்ட சப்1ஏ ஜீன் அப்படி ஒன்றைத் தருகிறது. அதன் உறவுப் புரதங்களின் நுனியை ஆக்சிஜன் மாற்றியதும் முத்திரை குத்தப்பட்டு அவை அழிந்துவிடும். வெள்ளத்தில் ஆக்சிஜன் குறைந்தால்தான் அவை தங்கும். இது மட்டும் ஆக்சிஜன் இருக்கும்போதும் அழிவதில்லை. தண்ணீருக்கு மேலே வர அவசரமாக நீண்டு, சேமித்த மாவுச்சத்தைப் பயிர் செலவழித்துவிடாமல் தடுக்கிறது. நீண்ட இருட்டில் இலை முதுமையடைவதையும் தள்ளிப்போடுகிறது. காவிரி டெல்டாவில் சம்பாவுக்குப் பயிரிடப்படும் சி.ஆர். 1009 சப்-1 ரகத்தில் இருப்பதும் இந்த ஜீன்தான். இரண்டு வாரம் மூழ்கிக் கிடந்தாலும், தண்ணீர் வடிந்ததும் அது மறுபடி துளிர்க்கிறது.