மலை உயரமும் மரங்களின் பருவமும்

மலைமேல் ஏற ஏற, ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் உஷ்ணம் சுமார் மூன்றரை பாரன்ஹீட் டிகிரி வீதம் குறைகின்றது. ஆதலின் ஒரே ஜாதி மரம் அடிவாரத்திலும் மேற்சரிவிலும் ஒரே நாளில் தளிர்ப்பதில்லை. இவ்வித்தியாசம் விதைப்பு நாளை நிர்ணயிப்பதற்கும் உதவுவதாகும்.

அமெரிக்கப் பூச்சியியல் நிபுணர் ஹாப்கின்ஸ் 1918-இல் இதற்கு ஒரு கணக்கு வகுத்தார். அந்நாட்டில் 400 அடி உயரத்திற்கு நான்கு நாள் வீதம், வசந்த காலத்துத் தளிரும் பூவும் பிந்தும். இலையுதிர் காலத்து நிகழ்ச்சிகளோ அதே வீதம் முந்தும். அங்கே இலையுதிர் காலத்தில் விதைக்கும் கோதுமையை ஹெஸ்ஸியன் ஈ கெடுக்கின்றது. ஈயின் நடமாட்டம் ஓய்ந்தபின் விதைத்தால் பயிர் தப்பும். மேட்டுப் பிரதேசத்தில் ஈ முன்னதாகவே ஓய்ந்துவிடும். மேலுள்ளோர் விதைக்கும் நாளிலேயே கீழுள்ளோரும் விதைத்தால் பயிர் ஈக்கு இரையாகும். கீழுள்ளோரின் நாளுக்காக மேலுள்ளோர் காத்திருந்தால், கடுங்குளிருக்கு முன் பயிர் நன்கு வேரூன்றாது.

எனினும் இக்கணக்கு என்றும் மாறாததன்று. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலைக் காடுகளில், 1960-ஐ ஒட்டிய காலத்தில், 1,000 மீட்டர் உயரத்திற்குத் தளிர் 34 நாள் பிந்திற்று. பிற்காலத்தில் அது 22 நாளாகக் குறைந்துவிட்டதென 2018-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகின்றது. உஷ்ணம் மிகுந்து வருவதால், கீழ்க்காடுகளைவிட மேற்காடுகளில் தளிர் அதிகமாக முந்திவிட்டது.

நமது மலைகளுக்கு மேற்படி கணக்கை அப்படியே கொள்ளலாகாது. நீலகிரி அடிவாரத்துத் தேக்கு இலையுதிர்ப்பது ஈரக் குறைவினால், குளிரினால் அன்று. உச்சியிலுள்ள சோலைகளோ வருஷ முழுவதும் பசுமை மாறாதவை. அன்றியும், குளிர்ந்த காற்று கனமுள்ளதாகையால் இரவில் பள்ளங்களில் இறங்கித் தேங்கும். ஆகவே உதகமண்டலப் பக்கத்தில் மார்கழி, தை மாதங்களில் மேற்சரிவு தப்பினும், அதன் கீழுள்ள பள்ளத்து உருளைக்கிழங்கு உறைபனியால் கருகக்கூடும். அங்கே உயரத்தை மாத்திரம் நம்பி நடுவோர் நஷ்டமடைவர்.

ஆகையால் மலைக் கிராமத்து விவசாயிகள், அடிவாரம், நடுச்சரிவு, மேற்சரிவு ஆகிய மூவிடங்களிலும் ஒரே ஜாதி மரங்களைத் தெரிந்தெடுத்து அடையாளமிடுக. அவற்றின் உயரத்தைச் சர்வே படத்தினின்றும் அறியலாம். முதல் தளிர், முதல் பூ, முதல் மழை, உறைபனி கண்ட நாட்களையும், அவ்விடத்து விதைப்பு நாள், பூச்சி கண்ட நாள், மகசூல் ஆகியவற்றையும் வருஷந்தோறும் குறித்து வருக. கிராம உத்தியோகஸ்தர்கள் இக்குறிப்புகளை ஒரே புத்தகத்தில் சேர்த்து வைப்பார்களாயின், சில வருஷங்களில் அந்தந்தச் சரிவுக்குரிய விதைப்பு நாள் அதனின்றும் விளங்கும்.