நீரிழிவும் பாதப் புண்ணும்: யாருக்கு ஆபத்து அதிகம்?

மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு (இனிப்பு நீர்) இருப்பதாக 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு காட்டியது. இந்தியர்களிடையே இந்த விகிதம் இன்னும் அதிகம். நீரிழிவு உள்ள எல்லாருக்கும் பாதப் புண் வருவதில்லை. யாருக்கு வரக்கூடும் என்பதை ஓரளவு முன்பே கண்டறியலாம்.

முக்கியக் காரணம் உணர்விழப்பு. ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் பாத நரம்புகள் பழுதடைகின்றன. முதலில் இரவில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருக்கும். பிறகு பாதம் மரத்துப்போகும். சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலே உணர்வு குறைந்துவிடும். செருப்புக்குள் சிறு கல் கிடந்தாலும் தெரியாது. "வலிக்கவில்லையே, சின்னப் புண்தானே" என்று பலர் தாமதிக்கிறார்கள். வலிக்காமல் இருப்பதுதான் இங்கே ஆபத்து.

நம் வீடுகளில் செருப்பு அணிவதில்லை. கோயிலில் கழற்றியே ஆகவேண்டும். உச்சிவெயிலில் பத்துமலையின் 272 படிகளை வெறுங்காலுடன் ஏறினால், உணர்வற்ற பாதம் கொப்பளித்துப் போனது வீடு திரும்பிய பிறகே தெரியவரும். கோயிலுக்குப் போகவேண்டாம் என்பதில்லை. காலையிலோ மாலையிலோ போங்கள். வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள்.

ரத்த ஓட்டம் குறைந்தால் சிறு கீறலும் எளிதில் ஆறாது. நடக்கும்போது கெண்டைக்கால் வலித்து, நின்றால் வலி குறைவது இதன் அறிகுறி. புகைப்பவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். கால் ஆணி, காய்ப்பு, வளைந்த விரல், இறுக்கமான சப்பாத்து, மங்கிய பார்வை, சிறுநீரகப் பாதிப்பு ஆகியவையும் காரணங்கள். டயாலிசிஸ் செய்பவர்கள் மிகுந்த கவனத்துடன் இருக்கவேண்டும்.

முன்பு பாதப் புண் வந்தவர்களுக்கும், விரலோ காலோ அகற்றப்பட்டவர்களுக்கும் ஆபத்து மிக அதிகம். புண் ஆறியவர்களில் பத்தில் நால்வருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் வருகிறது.

கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ நீங்கள் மருந்து எடுக்கும் அரசாங்க சுகாதார கிளினிக்கிலேயே ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்வைச் சோதிப்பார்கள், நாடித்துடிப்பும் பார்ப்பார்கள். சில நிமிட வேலைதான்.

வீட்டில் தினமும் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளையிடம் சொல்லியும் பார்க்கலாம். காய்ப்பை பிளேடால் வெட்டாதீர்கள். கொப்புளம், சிவப்பு, வீக்கம், சீழ், கருமை ஆகியவற்றில் எது தெரிந்தாலும் மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் அன்றே கிளினிக்கிற்குச் செல்லுங்கள். காய்ச்சலும் சேர்ந்தால் நேரே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.